கஜந்திக்குச் சுகமாகவில்லை

திருகோணமலைப் பட்டினத்தில் நானும் கஜந்தியும் ஒரே புடவைக்கடையில் வேலை செய்கிறோம். நான் பிள்ளைகள் சட்டைப் பக்கம், அவள் சேலைப் பக்கம். கஜந்திக்கு ஃபைப்ரோமயல்ஜியா. உடம்பு முழுக்க நோ. ஒருநாள் தோள், ஒருநாள் இடுப்பு, சிலநாள் தலைமயிரைத் தொட்டாலே நோகும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுதான் பெரிய கரைச்சல்.

முதலாளி சோமசேகரத்தோடு மல்லுக்கட்டி, சேலைப் பக்கத்தில் உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரை போடவைத்தவள் அவள். அது இருப்பதால்தான் வேலைக்கு வருகிறாள். கதிரை போனால் வேலையும் போகும், அவ்வளவுதான்.

ஃபேஸ்புக்கில் 'நோவோட வாழுறம்' என்று ஒரு குழு இருக்கிறது. அதில் இவள் எழுதுவதை வாசித்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். "இண்டைக்கு இடுப்பு லீவு கேக்குது, குடுக்கேல்ல" என்று போடுவாள். கந்தளாயிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பெண்கள் வந்து கீழே தங்கள் கதையைக் கொட்டுவார்கள். வீட்டில் வாய் திறந்தால் சோம்பேறி என்று பேச்சு வாங்குகிற ஆட்கள்.

இந்த வருசம் சல்லி அம்மன் கோயிலில் கஜந்தி பால்குடம் எடுத்தாள். டெங்குவில் கிடந்த தம்பி தப்பினால் எடுப்பதாக நேர்த்தி. தம்பி தப்பினான், எடுத்தாள். மச்சாள் லக்சனா அதை வீடியோ பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டாள். வந்தது வினை.

"இவதானே நோ நோ எண்டு எழுதுறவ? நல்ல நடிப்பு" என்று பாதிப்பேர். மற்றப் பாதி அதைவிட மோசம். "அம்மாள் சுகமாக்கிப்போட்டா! அற்புதம்!" என்று கும்பிடு போட்டுத் தள்ளினார்கள்.

அற்புதமாம்! கோயிலால் வந்தவள் கட்டிலால் எழும்ப ஏலாமல் கிடந்தாள். புருசன் தர்சன்தான் சீப்பை எடுத்து அவளுக்குத் தலை இழுத்துவிட்டான். பார்க்கப் போன எனக்கு மனம் கேட்கவில்லை.

"இப்பிடிக் கிடக்கிறத ஒரு வீடியோ எடுத்துப் போடு. எல்லாரும் வாய மூடுவாங்க" என்றேன்.

"பரீதா, விசர்க்கதை கதைக்காத!" என்று சீறினாள். "நான் அழுது காட்டினாத்தான் நோ எண்டு நம்புவினமோ? ஒருத்தருக்கும் காட்ட ஏலாது."

எழும்பி நடமாடி வேலைக்கு வந்தால், கதிரையைக் காணவில்லை. முதலாளி பெரிய பக்திமான். வீடியோவைப் பார்த்த அவருக்கு ஒரே புளுகம், வாயெல்லாம் பல்லு.

"அம்மாள் சுகம் தந்திருக்கிறா பிள்ளை. இனியும் கதிரையில இருந்தா அவவுக்குக் குறை சொன்ன மாதிரி" என்று அதை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அது அவர்களுடைய கோயில் விசயம். முஸ்லிம் பெண் நான் வாயைத் திறந்தால் வேறு கதையாகிவிடும். என்பாட்டுக்குப் பிள்ளைகள் சட்டைகளை மடித்தேன்.

கடையில் சனம் கூடிய நேரம் பார்த்து, மனுசன் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் லைவ் வேறு தொடங்கினார். ஃபோனை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "சொல்லு பிள்ளை, அம்மாள் உனக்குச் செய்ததை ஊருக்குச் சொல்லு" என்றார்.

நின்று நின்று கஜந்தியின் முகம் வெளிறியிருந்தது. ஒரு கையால் மேசையைப் பிடித்திருந்தாள். குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"அம்மாள் என்ட தம்பியைத் தந்தவ. அதுக்குத்தான் குடம் எடுத்தனான். இன்னும் எடுப்பன். என்ட நோ அப்பிடியேதான் இருக்கு. நடிக்கிறா எண்டு எழுதின ஆக்களும் கேளுங்கோ, சுகமாயிட்டுது எண்டு எழுதின ஆக்களும் கேளுங்கோ. எனக்குக் கதிரை வேணும்."

"ஐயோ பிள்ளை, லைவ் போகுது! அம்மாளுக்கு முன்னால இருந்துகொண்டு வேலை செய்யிறதோ?"

கஜந்தி காசு மேசைக்குப் பின்னால் போனாள். முதலாளியின் மெத்தைக் கதிரையை இழுத்து அதில் இருந்தாள். பிறகு, சுவரில் மாலை போட்டிருந்த மாரியம்மன் படத்தைக் கையால் காட்டினாள்.

"வடிவாப் பாருங்கோ ஐயா. அம்மாளே இருந்துகொண்டுதான் ஊரைப் பாக்கிறா."

முதலாளி படத்தைப் பார்த்தார். அம்மன் பீடத்தில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த ஃபோனும் அந்தப் பக்கம் திரும்பியது. சேலை எடுக்க வந்த ஒரு பெண், "ஓம், அது சரிதானே" என்றாள். நான் சிரிப்பை அடக்கவே இல்லை.

கஜந்தி எழும்பவில்லை. சேலைகளை அங்கேயே எடுப்பித்து விரித்துக் காட்டினாள். முதலாளி நின்றுகொண்டு பில் எழுதினார், காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு. மத்தியானம் ஆகமுதலே அவரே ஸ்டோரைத் திறந்து அவளுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.