மடாம் பிந்தி எழும்பிய வாக்கு

தொகுதி அலுவலகத்தில் வேலை என்றால், இன்னொருவர் போட்ட வாக்குக்கு நீங்கள் ஏச்சு வாங்குவது. முன்மேசையில் இருந்து அடுத்தவர் செய்ததற்கெல்லாம் விளக்கம் சொல்லிக் களைத்தவர்களே, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருங்கள், இது உங்களுக்குத்தான். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கியூபெக் மாகாணத்தில், செயின்ட்-மிஷேல் தொகுதியில், எங்கள் சட்டசபை உறுப்பினரின் அலுவலகத்தில், தமிழருக்குப் பதில் சொல்ல என்னை வைத்திருந்தார்கள். உறுப்பினர் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் மடாம்.

நன்றி முதலில், விளக்கம் பிறகு

பின்னேரங்களிலும் ஞாயிறிலும் பெரிய உணவுக்கடைகள் ஒருசில ஆட்களை வைத்துத்தான் வியாபாரம் செய்யலாம் என்றொரு கட்டுப்பாடு இருந்தது. புதிதாக வந்த சட்டமூலத்தின் ஒரு பிரிவு அதைத் தூக்கிவிடப் பார்த்தது. எங்கள் ஆட்களின் டெப்பனர்கள், அதாவது மூலைக்கடைகள், உயிரோடு இருந்ததே அந்த நேரத்து வியாபாரத்தில்தான். கடைக்காரர் சங்கத் தலைவர் அருளப்பு அண்ணை போனில் கேட்டபோது, "மடாமுக்கு உங்கட கஷ்டம் தெரியும்" என்று சொல்லிவைத்தேன். என் வாய் சும்மா இருக்காதே! மடாம் எதிர்த்து வாக்களிப்பார் என்று அவர் எடுத்துக்கொண்டார். மடாமோ முதல் வாக்கெடுப்பில் ஆதரித்துவிட்டு வந்திருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் கூட்டம். நிகழ்ச்சிநிரலில் பொன்னாடை முதலில், உரை பிறகு. "எங்களுக்காக எதிர்த்து நிண்ட மடாமுக்கு" என்று அருளப்பு அண்ணை போர்த்த, மண்டபம் கைதட்டியது. என்ன சொல்கிறார் என்று மடாம் காதுக்குள் கேட்டார், சொன்னேன். அவர் எழுந்து, "நான் ஆதரித்துத்தான் வாக்களித்தேன்" என்றார் பிரெஞ்சில். அதைத் தமிழில் சொல்லவேண்டிய பாவி நான். சொன்னேன். மடாம் பொன்னாடையைக் கழற்றப் போனார். அருளப்பு அண்ணை கையைக் காட்டித் தடுத்தார்.

"போர்த்தினதைத் திருப்பி வாங்கிற பழக்கம் எங்களிட்டை இல்லை, மடாம். ஏன் அப்பிடிச் செய்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

அரை நிமிஷம்

மடாம் மழுப்பவில்லை. முதல் வாக்கு சட்டமூலத்தைப் பொதுவாக ஏற்பதற்கு, அதில் நல்ல விஷயங்களும் உண்டு, கட்சியும் சொன்னது, பிரிவு பிரிவாகப் பார்ப்பது இனித்தான் என்றார். சபையில் வாக்களிப்பது எப்படி என்றும் விளக்கினார். கை தூக்குவதில்லை, எழுந்து நிற்க வேண்டும். ஆதரிப்பவர்கள் முதலில், எதிர்ப்பவர்கள் பிறகு. நிற்பவரின் பெயரை வாசிப்பார்கள், உட்காரலாம்.

"எவ்வளவு நேரம் நிக்கவேணும்?" என்று கேட்டார் ராணி அக்கா. தனி ஆளாக டெப்பனர் நடத்தி மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். காலை ஏழு மணிக்குக் கல்லாவில் நின்றால் இரவு பூட்டும்வரை நிற்பார். அந்தக் கடை போனால் அவருக்கு வேறொன்றும் இல்லை என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அரை நிமிஷம் என்றார் மடாம். ராணி அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அடுத்தமுறை கொஞ்சம் பிந்தி எழும்பச் சொல்லி மடாமிட்டைச் சொல்லு."

கல்லாவில் மடாம்

நான் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். மடாம் சிரிக்கவில்லை. "உங்கள் கடையில் நான் ஒருநாள் நிற்கலாமா?" என்று கேட்டார். அரசியல்வாதியின் பேச்சு என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பின்னேரம் தன் காரில் தானாக வந்து இறங்கினார்.

மூன்று மணி நேரம் நின்றார். பால் எடுத்துக் கொடுத்தார், பாண் எடுத்துக் கொடுத்தார், லொத்தர்ச் சீட்டு மெஷினில் பிழையான பட்டனை அமத்தி வரிசையைத் தெருவரைக்கும் நீட்டினார். வந்தவர்களிடமெல்லாம் ஏன் பெரிய கடைக்குப் போகவில்லை என்று கேட்டார். அங்கே இந்த நேரத்தில் ஒரே ஒரு கல்லாதான், இங்கே உடனே போகலாம் என்றார்கள். கட்டுப்பாடு போனால் என்ன நடக்கும் என்பது அவருக்கு அந்த வரிசையிலேயே விளங்கிவிட்டது. பியர் வாங்க வந்த ஒரு கிழவர் மட்டும் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, மிகவும் அனுதாபத்தோடு பிரெஞ்சில் கேட்டார்.

"அடடா மடாம், தேர்தலில் தோற்றுவிட்டீர்களா?"

கைதட்டக் கூடாத இடம்

அந்தப் பிரிவைத் தனியாக வாக்குக்கு விடவேண்டும் என்று மடாம் ஒற்றைக்காலில் நின்று வென்றார். கட்சியோடு எழும்பாவிட்டால் சட்டசபைக் குழுவில் வகிக்கும் பதவியிலிருந்து தூக்கிவிடுவோம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வாக்கெடுப்பன்று கடைகளைப் பூட்டிவிட்டு, இரண்டு வான்களில் சட்டசபை இருக்கும் கியூபெக் நகருக்குப் போனோம். பார்வையாளர் மாடத்தில் கைதட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று காவலாளி கண்டிப்பாகச் சொன்னார். நான் தமிழில் இரண்டு தரம் சொன்னேன்.

"ஆதரிப்பவர்கள்" என்றதும் மடாமின் கட்சி எழுந்தது. மடாம் இருந்தார். அவருக்குப் பின்வரிசையில் இன்னும் நாலுபேரும் எழும்பாமல் இருந்தார்கள். "எதிர்ப்பவர்கள்" என்றபோது அந்த ஐந்து பேரும் எதிர்க்கட்சியோடு எழும்பினார்கள். எண்ணி வாசித்தார்கள்: பிரிவு தோற்றது! ராணி அக்கா என் கையை நசுக்கிவிட்டார். அருளப்பு அண்ணை இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தார்; கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. வெளியே வரும்போது காவலாளி கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்.

"இவ்வளவு சத்தமில்லாமல் வென்ற ஆட்களை நான் இங்கே கண்டதே இல்லை."

குழுப் பதவி போன மடாம் அடுத்த தேர்தலில் முன்னைவிடக் கூடுதல் வாக்கில் வென்றார்; ஆனால் இப்போது எந்த வாக்கெடுப்புக்கும் முதல்நாளே "செயின்ட்-மிஷேலில் என்ன சொல்கிறார்கள்?" என்று என்னை வீடுவீடாக விசாரிக்க அனுப்புவதால், அந்த வெற்றியில் வேலை கூடிய ஒரே ஆள் நான்தான்.