பாறையில் இடம் இருக்கு

"தண்ணியில போற படகுக்கு எதுக்குப்பா அடியில ஓட்டை போட்டு வச்சிருக்காங்க?"

என் மகள் ஏழு வயதில் கேட்ட கேள்வி இது. அவளுக்குப் புரியும்படி சொன்னேன். மழைத் தண்ணீரும் அலைத் தண்ணீரும் படகின் தரைப்பலகைக்கு அடியில் போய்த் தேங்கும். கரைக்கு வந்ததும் அது வடிய வேண்டும். அதற்காகப் பின்பக்கத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. கடலில் இறக்கும் முன் ஒரு ரப்பர் அடைப்பானை அதில் திணித்து, பித்தளைத் திருகை முறுக்கிவிட வேண்டும். நாங்கள் அதை பிளக் என்போம்.

"யாராவது அதைப் பிடுங்கிட்டா?"

"யாரும்மா பிடுங்குவா? மனுஷங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க."

நம்பித்தான் சொன்னேன்.

இனி நான் எழுதுவது நடந்தது. எனக்கே நடந்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண்ணுக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. குடிப்பதில்லை. கடவுளைக் கும்பிடாமல் படுப்பதில்லை. பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் மனைவியின் அண்ணனும் மீன் பிடிக்கப் போவோம். படகு அவருடையது. சின்ன ஃபைபர் படகு. மச்சானுக்கு வீடு, மனை வாங்கி விற்கும் தரகர் வேலை. வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கரையிலிருந்தே எல்லோருக்கும் உத்தரவு போடுவார். அதனால் படகு இறக்கும் சரிவில் அவருக்கு 'அட்மிரல்' என்று பெயர். அவருக்கு அதில் பெருமைதான்.

அங்கே ஒரு தையல்காரரும் வருவார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தனியாக வருவார், தனியாகப் போவார். ஒருநாள் பிளக்கை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்து, திரும்பிப் போக டிரெய்லரைக் காரில் மாட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் உபரியாக ஒன்று இருந்தது. தொலையாமல் இருக்க என் மகள் அதில் சிவப்பு உல்லன் நூல் கட்டியிருந்தாள். அதைக் கொடுத்தேன்.

"கண்டிப்பா திருப்பித் தந்துடறேங்க."

"வச்சிக்கோங்கண்ணே. நம்மகிட்ட வேற இருக்கு."

"இல்லைங்க. அடுத்தவங்க சாமான் கையில இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

பிறகு அவருக்குச் சரியான அளவு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அதையே போட்டுக்கொண்டிருந்தார். படகை இறக்கும் முன் இரண்டு முறை அதைத் தொட்டுப் பார்ப்பார். ஊசி பிடிக்கிறவரின் கை. பார்க்கவே அழகாக இருக்கும்.

கரையிலிருந்து முக்கால் மணி நேரத்தில் கடலுக்கடியில் ஒரு பாறை. மீன் அங்கேதான் இருக்கும். அங்கே எங்களுக்குள் ஒரு முறை உண்டு. முதலில் நங்கூரம் போட்டவருக்குத்தான் அன்று அந்த இடம். பின்னால் வருகிறவர் தூரத்தில் நின்று, "இடம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். முதலில் வந்தவர் சம்மதித்தால்தான் நெருங்கலாம். மச்சான் ஒருநாளும் சம்மதித்ததில்லை. தையல்காரர் ஒருநாளும் மறுத்ததில்லை. "இருக்கு, வாங்க" என்பார். சொல்லிக்கொண்டே தன் கயிற்றைச் சுருக்கி நமக்கு வழிவிடுவார். அவர்தான் ஒவ்வொரு ஞாயிறும் முந்திக்கொண்டு வருவார் என்பதில் மச்சானுக்கு அடங்காத எரிச்சல்.

கடையைப் பார்த்துக்கொள்ளும் பையன் வராததால் ஒரு ஞாயிறு நான் போகவில்லை. மச்சான் மட்டும் போனார். அன்று தையல்காரர் இறந்துபோனார்.

படகு கவிழ்ந்து கிடந்தது. பாறைக்குப் பக்கத்தில் உடல். படகின் ஓட்டையில் பிளக் இல்லை. மறந்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பாவம் என்றார்கள். பிறகு சிரித்தார்கள். சரிவின் பக்கச் சுவரில் மச்சான் சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதியே வைத்துவிட்டார்:

'பிளக் போட்டாச்சா? மறந்தா தையல்காரர் பக்கத்துல இடம் இருக்கு!'

"செத்தவரை இப்படியா மச்சான்?" என்று கேட்டேன்.

"நாலு பேருக்குப் பாடம் மாப்ளே. நீ ரொம்பத்தான் உருகாதே."

மூன்று மாதம் கழித்து நாங்கள் மறுபடி அந்தப் பாறைக்குப் போனோம்.

விடிகிற நேரம். மணி ஐந்து இருபது. நல்ல மூடுபனி. சரிவில் எங்கள் டிரெய்லர் மட்டும்தான் நின்றது. பிளக்கை நான்தான் போட்டேன். கறுப்பு ரப்பர், புதுசு. முறுக்கினேன். தையல்காரர் ஞாபகத்தில் இரண்டாவது முறையும் தொட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. பதினொரு மணிக்குள் ஃபோன் வராவிட்டால் கடலோரக் காவலுக்குச் சொல்லிவிடு என்று மனைவியிடம் வழக்கம்போல் சொல்லியிருந்தேன். கடலுக்குப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை நான் மாட்டிக்கொண்டேன். மச்சான் அதை மெத்தையாகப் போட்டு உட்கார்ந்தார். நங்கூரக் கயிற்றையும் பின்பக்கத்தில், தன் கைக்கு எட்டும் இடத்தில் கட்டினார்.

"முன்பக்கம் கட்டுங்க மச்சான். பின்னாடி கட்டினா இழுவையில பின்பக்கம் அமுங்கிடும்."

"நீ போய்க் கண்ணாடி துடை மாப்ளே."

பாறை வந்துவிட்டது என்று ஆழம் காட்டும் கருவியின் திரை காட்டியது. மச்சான் எஞ்சினை அணைத்தார். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பழக்க தோஷம். பனியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"இடம் இருக்கா?"

யாரும் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் பதில் வந்தது.

"இருக்கு... வாங்க."

வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசியதுபோல் இருந்தது.

"எவன்டா அவன் நமக்கு முன்னாடி?" என்றார் மச்சான். எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தார். படகு இல்லை. விளக்கு இல்லை.

நங்கூரம் போட்டோம். தூண்டில்களை இறக்கினோம். ஈயக்குண்டு அடியைத் தொட்டால் தூண்டில் நரம்பு தொய்யும். என்னுடையது தொய்ந்தது. மச்சானுடையது தொய்யவில்லை. ரீல் சுழன்றுகொண்டே இருந்தது. அந்த இடத்தில் அவ்வளவு ஆழம் கிடையாது.

பிறகு நின்றது. கீழிருந்து இரண்டு முறை மெல்ல இழுத்தது. சட்டையைப் பிடித்து இழுத்துக் கூப்பிடுவதுபோல.

மச்சான் வேகமாகச் சுற்றி மேலே எடுத்தார். மீன் இல்லை. இரை அப்படியே இருந்தது. முள்ளில் மட்டும் ஏதோ சுற்றியிருந்தது.

சிவப்பு உல்லன் நூல்.

நான் பார்த்துவிட்டேன். அவர் அதைப் பிய்த்து எறிந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

சரக்... சளார்.

சரக்... சளார்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு அது தெரிந்த சத்தம். படகுக்குள் ஏறும் தண்ணீரை யாரோ வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றுகிறார்கள். வாளி தரையில் உரசுவதுகூடக் கேட்டது. அவசரமாக, மூச்சு வாங்க...

"யாருங்க? உதவி வேணுமா?" என்று கத்தினேன்.

சத்தம் எங்களைச் சுற்றி வந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஒவ்வொரு முறையும் நெருக்கமாக.

மச்சான் வெளிறிப்போயிருந்தார். "கிளம்பிடலாம் மாப்ளே." சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது.

சத்தம் நின்றது.

என் கால் சில்லென்றது. குனிந்து பார்த்தேன். தரைப்பலகைக்கு மேலே தண்ணீர் வந்துவிட்டது.

பின்பக்கம் ஓடினேன். தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவினேன். பிளக் இல்லை. திறந்த ஓட்டை. கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் முறுக்கிய பிளக். இரண்டு முறை தொட்ட பிளக்.

"துணி குடுங்க மச்சான்! சீக்கிரம்!"

அவர் அசையவில்லை. ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேணும்னு செய்யலை" என்றார். என்னிடம் இல்லை. பனியிடம். "சும்மா விளையாட்டுக்குத்தான்... படகை இறக்கிட்டு அவர் காரை நிறுத்தப் போனப்ப கைவிட்டு எடுத்தேன்... கால் நனைஞ்சா திரும்பி வந்துடுவாருன்னு நினைச்சேன்... பாறையை நாம பிடிச்சிடலாம்னு..."

"அந்த பிளக் எங்கே மச்சான்?"

"சரிவுலயே... தண்ணியில வீசிட்டேன்."

மனுஷங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க.

"மன்னிப்புக் கேளுங்க" என்றேன். "இப்பவே கேளுங்க மச்சான். வாய்விட்டுக் கேளுங்க."

கேட்டிருந்தால்? எனக்குத் தெரியாது. அந்தத் தையல்காரர் யாருக்கும் இல்லையென்று சொன்னதே இல்லை. கேட்டிருக்கலாம்.

பனிக்குள்ளிருந்து, மிகப் பக்கத்தில்...

"இருக்கு... வாங்க."

மச்சான் வெறி பிடித்தவர்போல் கத்தினார். "இடம் இல்லை! போடா! செத்தவன்தானே, போடா!"

நங்கூரக் கயிறு விறைத்தது.

அலை இல்லை. காற்று இல்லை. கயிறு நேர்க்கோடாகக் கீழே இறங்கியது. படகின் பின்பக்கம் அமுங்கியது. கடல் ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்தது.

மச்சான் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கக் குனிந்தார். கடலுக்குள் இறங்கும் பக்கத்துக் கயிறு அவர் கணுக்காலைச் சுற்றியிருந்தது. நான் பார்த்தேன். சொல்ல வாய் திறந்தேன்.

கயிறு அறுந்தது.

அவரும் போய்விட்டார்.

கத்தவில்லை. தண்ணீர் தெறிக்கவும் இல்லை.

கை ஒன்று மேலே வந்தது. பாய்ந்து பிடித்தேன். அலை இழுத்தால் விட்டு விட்டு இழுக்கும். இது விடாமல் இழுத்தது. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கின.

வெள்ளைத் தொப்பி மிதந்தது. பக்கத்தில் அந்த லைஃப் ஜாக்கெட்... உலர்ந்த மேல்பக்கத்தோடு.

படகு பாதி மூழ்கியிருந்தது. கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே வாளியை எடுத்தேன். ஓட்டை திறந்திருக்கிறது, அள்ளிப் பயனில்லை என்று தெரியும். அள்ளினேன்.

சரக்... சளார்.

ஆனால் தண்ணீர் குறைந்தது.

சரக்... சளார். சரக்... சளார்.

நான் ஒரு வாளி ஊற்றினேன். எனக்கு இரண்டு வாளிச் சத்தம் கேட்டது.

பின்பக்கத்திலிருந்து.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மனைவி பதினொரு மணிக்கே சொல்லியிருந்தாள். மீட்புப் படகு வந்தபோது பதினொன்று நாற்பது. பனி விலகி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் வேறு படகே இல்லை என்றார்கள்.

மச்சானின் உடல் அன்று மாலை கிடைத்தது. மீட்புப் படகுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி அந்தத் தையல்காரரையும் நான்தாங்க எடுத்தேன். அதே இடம். ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை. பக்கத்துல பக்கத்துல படுத்த மாதிரி."

மச்சானின் மூடிய கைக்குள் ஒரு பிளக் இருந்தது. கறுப்பு ரப்பர், புதுசு. காலையில் நான் படகில் முறுக்கியது.

"அப்போ உங்க படகு எப்படிங்க மிதந்துச்சு?" என்று நான் கேட்க நினைத்த கேள்வியை அவரே கேட்டார். படகை டிரெய்லரில் ஏற்றியிருந்தார்கள். பின்னால் போய்க் குனிந்து பார்த்தோம்.

ஓட்டையில் ஒரு பிளக் இருந்தது. இறுக்கமாக, திருத்தமாக முறுக்கியிருந்தது. பித்தளை முழுக்கச் சிப்பி படிந்திருந்தது. மாதக்கணக்காகக் கடலுக்கடியில் கிடந்தால்தான் அப்படிப் படியும்.

சிவப்பு உல்லன் நூல் பாதி அறுந்து தொங்கியது.

திருப்பித் தந்துவிட்டார்.

மச்சான் செய்ததைக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் தவித்தேன். அழுது முடித்த கண்ணோடு என் மனைவி சொன்னாள்: "என் அண்ணன்தான். இருந்தாலும் சொல்லிடுங்க. அந்த மனுஷன் மறக்கலைன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்." சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு மதியம், யாரும் கடலுக்குப் போகாத உச்சி வெயிலில், தனியாகச் சரிவுக்குப் போனேன். கையில் ஒரு சுரண்டியும் ஈரத்துணியும். சுவரில் அந்தச் சிவப்பு எழுத்துகள் அப்படியே இருந்தன. முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். பெயின்ட் பிடிவாதமாக ஒட்டியிருந்தது. கை கொப்பளித்தது. 'தையல்காரர்' என்ற சொல்லை மட்டும் மெதுவாகச் சுரண்டினேன். வலிக்கக்கூடாது என்று தோன்றியது.

கடைசி எழுத்தும் போனதும் சுவரைத் துடைத்தேன். கீழே விழுந்த சிவப்புத் தூளைக் கடலில் தள்ளிவிட மனம் வரவில்லை. பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.