பெல்ட் கழன்ற மாதம்

சித்தூரில் மாவு மிஷின் கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்த வாசனை வந்து சட்டையைப் பிடிக்கிறது. வழுக்கிச் சூடேறிய ரப்பர் பெல்ட்டின் கருகல். என் கால் தானாக வேகமெடுத்துவிடும்.

திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அப்போது எனக்குத் தோட்ட வேலை. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி என் கையில் இருந்தது. மைதானத்தில் பச்சைக் கோடுகளாக இழுத்துக்கொண்டு போகையில், நாற்பதைத் தாண்டிய பிறகாவது எனக்கென்று ஓர் இருக்கை வாய்த்தது என்று நினைத்துக்கொள்வேன். வண்டியைப் பழுது பார்த்தவர் நகரிக்காரரான ஃபிட்டர். உறவில்லை, ஆனாலும் எனக்கு மாமா, அவருக்கு நான் மாப்பிள்ளை. அவர் சோற்று டப்பாவில் என் கை, என் டப்பாவில் அவர் கை.

ஆயுத பூஜை முடிந்த வாரத்திலிருந்து பெல்ட் கழன்றுகொண்டே இருந்தது. வண்டியின் அடியில் கத்திகளைச் சுற்றவைக்கும் பெல்ட். பத்தடி ஓட்டினால் ஒரு படபடப்பு, கருகல், பிறகு அமைதி. இருவரும் மண்டியிட்டு அடைந்த புல்லைச் சுரண்டினோம், ஸ்பிரிங்கை மாற்றினோம், பேரிங்கை ஆட்டிப் பார்த்தோம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்னப் புல்லியின் பக்கம் மட்டும் என்னை விடமாட்டார். "அது நல்லாத்தான் கீது, நீ அந்தாண்ட பாரு" என்பார். நான் அந்தாண்ட பார்த்தேன்.

புதுப் பெல்ட் கேட்டுக் கடிதம் வைக்கவேண்டும் என்று அவரே எழுதிக்கொண்டு வந்தார். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அவர் விரல் வைத்த இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

மறுவாரம் தோட்ட அதிகாரி கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினார். மேட்டில் கண்மண் தெரியாமல் ஏற்றி வண்டியைக் கெடுத்தவன் நானே என்று, என் கையெழுத்துக்கு மேலேயே எழுதியிருந்தது. நாலு வரியில் நிறுத்தி மடித்துவிட்டார். நாளையிலிருந்து வண்டி வேறு ஆளுக்கு என்றார்.

வருகிறவனாவது நிம்மதியாக ஓட்டட்டும் என்று அன்று மத்தியானம் அந்தச் சின்னப் புல்லியைக் கழற்றினேன். அச்சில் வாழைநாரும் சாமந்தி கோத்த நூலும் இறுகிச் சுற்றியிருந்தன. தாங்கும் பட்டை வளைந்து, சுத்தியலால் நிமிர்த்திய தழும்போடு இன்னும் சாய்ந்தே இருந்தது. பூஜையன்று நான் ஊரில் மாமனார் வீட்டுத் தறிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றியவர் மாமா.

நாரைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க மாப்ள. கத்தியச் சுத்தவெச்சுக் காட்டலாம்னு போட்டேன். கட்டின வாழக்கன்னு அப்டியே உள்ள போயிடுச்சு. ஃபிட்டரே கெடுத்துட்டான்னு பேர் வந்தா, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இங்க நிக்கிறது?"

"அதுக்கு என் மூஞ்சியா மாமா?"

கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஏதுமில்லாத கையை.

வேலையை விட்டு வந்து மூன்று வருடமாகிறது. அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. யாரிடமும் கொடுத்து முழுக்கப் படிக்கச் சொன்னதில்லை; சொல்லப் பயம். ஏனென்றால் நாரை வைத்த அன்று நான் அவர் அறை வாசலைத் தாண்டும்போது, பின்னாலிருந்து, கிட்டத்தட்டக் கோபித்துக்கொள்கிற குரலில் அவர் கேட்டார்:

"நல்ல பையன், நேர்மையானவன்னு கடசியா ஒரு வரி எழுதினேனே மாப்ள, அத அவரு படிக்கலியா?"