மேடு ஏறாத மைனர்

காஜா பெராங் வட்டாரத்தில் வாடகைக் கார் ஓட்டிய மருதமுத்துவும் ஹனீபாவும் ஒரு காலத்தில் ஒரே காரை முறைவைத்து ஓட்டியவர்கள். அந்தக் கார் ஓய்ந்துபோனபோது, வயதில் மூத்த ஹனீபா சொன்னார்:

"கொஞ்சம் பொறு தம்பி. புது மோரிஸ் மைனர் வரப்போவுதாம். எஞ்சின் பெருசாம்."

மருதமுத்து பொறுக்கவில்லை. கடையில் நின்ற பழைய வகை மைனரையே வாங்கிவிட்டான். ஹனீபா காத்திருந்து புதியதை வாங்கினார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழையதற்கு முன்கண்ணாடி இரண்டு துண்டு. புதியதற்கு வளைந்த ஒரே கண்ணாடி. சங்கதி எஞ்சினில்தான் இருந்தது. ஒன்றுக்கு முப்பது குதிரைத்திறன், மற்றதற்கு முப்பத்தேழு. கார் நிறுத்தத்தில் அந்த ஏழு குதிரையைச் சொல்லியே மருதமுத்துவைக் கேலி செய்தார்கள். ஒருநாள் ஹனீபாவும் சேர்ந்து சிரித்துவிட்டார். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினான்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டு. மழைக்காலம். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த அவன் மனைவி சீதாவுக்கு மாதம் நிறையுமுன்பே வலி கண்டுவிட்டதாகச் சேதி வந்தது. புக்கிட் காதிலுக்கு அப்பால் ரப்பர் தோட்டத்தில் இருந்தது அந்த வீடு. மருதமுத்து பறந்தடித்துக்கொண்டு போனான். மனைவியையும், மாமியார் பாக்கியலட்சுமியையும், தோட்டத்து மருத்துவச்சியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான்.

தோட்ட எல்லையில், வரும்போது இறக்கமாயிருந்த ஒரு செம்மண் மேடு. பாதி ஏறியதும் கார் திணறி நின்றது. பெண்கள் இருவரும் சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். முதல் கியரிலும் இழுக்கவில்லை. உள்ளே சீதா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

பின்னால் ஒரு கார் வந்தது. தோட்டத்தில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிய ஹனீபா. மருதமுத்து ஓடிப்போய்க் கதவைப் பிடித்தான்.

"பாய், என் காடி ஏறாது. சீதாவ ஏத்திக்குங்க."

"நீயும் வா. ஒன் காடி ஓரமா கெடக்கட்டும்."

ஐந்து பேரோடும் அந்தக் கார் மெல்ல மெல்ல மேட்டைக் கடந்தது.

சீதா பிழைத்தாள். பெண் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது.

"ஒங்க பேச்சக் கேட்டிருந்தா பொழைச்சிருக்கும் பாய்" என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதான் மருதமுத்து.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன் தம்பி. வலி வர்றதுக்கு முன்னாடியே வயித்துலயே உசிரு அடங்கிருச்சாம். எந்தக் காடியும் காப்பாத்தியிருக்காது. நான் அன்னிக்குச் சிரிச்சிருக்கக் கூடாது. அத மட்டும் மன்னிச்சிரு."

வெள்ளைத்துணி சுற்றிய சிசுவை மடியில் வைத்துக்கொண்டு ஹனீபாவின் காரில்தான் மருதமுத்து இடுகாட்டுக்குப் போனான். டாக்டர் சொன்னதை அவனால் முழுதாக நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அதன்பின் மேட்டுப்பக்கம் போகக் கேட்டவர்களை அவனே கைகாட்டி ஹனீபாவிடம் அனுப்பினான். தெங்கேரா, பத்து பெரெண்டாம் என்று மேடில்லாத பக்கத்துச் சவாரிகள் அவனுக்குப் போதுமாயிருந்தன. அடுத்த பிரசவத்துக்குச் சீதாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. வலி கண்டதும் தானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனான். பையன் பிறந்தான். முதலில் போய்ச் சொன்னது ஹனீபாவிடம்.