கண்ணுக்குத் தெரியாத நீராவி

பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்த முதல் வாரம். கல்லூரியில் வெப்ப இயக்கவியலில் நான்தான் முதல் மதிப்பெண். கொதிகலன் அறையில் 'உஸ்' என்று சத்தம் கேட்டது. ஆவி எதுவும் தெரியவில்லை. கசிவைத் தேடிக் குழாயருகே கையை நீட்டினேன்.

"நக்கோ சார், நக்கோ! வேண்டாம்!" கொதிகலனை இயக்கும் செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"யார் மேல கை வைக்கிற? நான் இன்ஜினியர்!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"அப்புறமா கத்துங்க. முதல்ல இதப் பாருங்க." அவரும் கோபமாக மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து, நான் கை நீட்டிய இடத்தில் நீட்டினார். அதன் நுனி துண்டாகி விழுந்தது.

அதிவெப்ப நீராவி கண்ணுக்குத் தெரியாது என்று தேர்வில் நானே எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. "கை இருக்குல்ல சார், போதும்" என்றார். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.