அண்டாவில் கட்டிய மணி

என் மாமனார் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், வரி விளம்பரம் உட்படப் படிப்பவர். என் இல்லறத்துக்கு வந்த முதல் இடைஞ்சல் அதுதான். திருவாரூரில் தம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரைப் பற்றி, அந்த ஊரிலேயே குடியிருந்த என்னைவிட அவர் அதிகம் தெரிந்துவைத்திருந்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் கழக ஆட்சி. நில உச்சவரம்புச் சட்டம் வந்து, மிராசுதார்கள் நிலத்தைப் பேரன் பேரிலும் பேத்தி பேரிலும், சில வீடுகளில் இன்னும் பிறக்காத பேரன் பேரிலும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். சம்பா அறுவடைக்குக் கூலி போதாது என்று தொழிலாளர்கள் ஒரு பக்கம். கொடுத்துக் கட்டாது என்று மிராசுதார்கள் ஒரு பக்கம். நடுவில் பள்ளிக்கூடத்தில் தங்கி, வயல் வரப்பில் குடைபிடித்து நிற்கும் போலீஸ்.

கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்த்த எனக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. அது கொஞ்சம் என்பதை எந்தச் சட்டமும் மறுக்கவில்லை. எக்ஸ்பிரஸ் ரயில் எங்கள் ஊர் ஸ்டேஷனைக் கடப்பதுபோலச் சட்டம் என்னைக் கடந்துபோயிற்று, புழுதிதான் மிச்சம். மிராசுதார் கூட்டத்துக்குப் போனால் எனக்குப் பின்வரிசை. தொழிலாளர் கூட்டத்துக்குப் போனால், "சாருக்கு ஒரு டீ சொல்லுங்க" என்று மரியாதையாக வெளியே உட்காரவைத்துவிடுவார்கள். புரட்சியும் எதிர்ப்புரட்சியும் ஒருசேர ஒதுக்கிவைத்த ஆள் டெல்டாவில் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும்.

இந்த நிலையில்தான் எனக்கு மகள் பிறந்தாள். பிரசவம் மாமனார் வீட்டில். ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் பெண் வீட்டார் கொண்டுவந்து விடுவது வழக்கம். நான்காம் மாதம் முடியுமுன்பே நான் ஆணியடித்துத் தூளி மாட்டிவிட்டேன். அதில் என் குடையைப் படுக்கவைத்து ஆட்டிப் பார்த்தேன் என்பதை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் திருவாரூர் போவேன். ஒரு ஞாயிறு மாமனார் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் அதை மடித்தால் விஷயம் பெரிது.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க காலையில சொசைட்டிக்குப் போனா பொழுது சாயத்தான் வர்றீங்க. அது வரைக்கும் பொண்ணு பச்சப்புள்ளையோட தனியா இருக்கணும். வீட்டுக்கு என்ன காவல் இருக்கு?"

"கதவு இருக்கு மாமா."

"கதவு எல்லா வீட்லயும்தான் இருக்கு."

எங்கள் கதவை அவர் கல்யாணத்தின்போதே பார்த்திருந்தார்.

"பத்திரமா ஒரு ஏற்பாடு பண்ணுங்க. நானே கூட்டிட்டு வந்து பாக்கறேன். மனசுக்குத் திருப்தியா இருந்தா விட்டுட்டு வர்றேன். இல்லேன்னா கோடை கழியட்டும், ஊரு அடங்கட்டும்."

கோடை கழிவது என்றால் இன்னும் அரை வருஷம். கதவுக்குப் பின்னால் நின்ற என் மனைவி குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். சீக்கிரம் என்று அர்த்தமா, போய்வாருங்கள் என்று அர்த்தமா, தெரியவில்லை. அதற்குள் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. அவள் அழுதால் நிறுத்தத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

மறுநாளே வேலையில் இறங்கினேன். முதலில் போலீஸ். ஊருக்கே காவல் வந்திருக்கும்போது நான் தனியாக எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன். தலைமைக் காவலர் பல் துலக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"எங்களுக்கு வயலுக்குத்தாங்க டூட்டி. வீட்டுக்கு ஆர்டர் இல்ல. நெல்லு எதுவும் நிக்குதா உங்க வீட்டுக்குள்ள?"

அடுத்தது பூட்டு. மாயவரத்துக் கடையில் திண்டுக்கல் பூட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். யானையைக் கட்டலாம். ஆனால் எங்கள் வாசல் நாதாங்கி ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டை மாட்டினால் பாரம் தாங்காமல் ஆணி கழன்று, திருடனுக்கு அரை வேலை மிச்சமாகும். கதவையும் மாற்றுங்கள் என்றார் கடைக்காரர். கதவை மாற்றினால் நிலையை மாற்றவேண்டும், நிலையை மாற்றினால் சுவர் நிற்காது. ஒரு பூட்டுக்காக வீடு கட்ட நான் தயாராக இல்லை.

மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கலாம் என்று சொசைட்டியில் ஒருவர் யோசனை சொன்னார். மலிவுதான். ஆனால் எங்களுக்கு மதில் கிடையாது, பூவரசு வேலிதான்.

பிறகு நாய். ஒரத்தநாட்டு உறவினர் ஒருவர் நல்ல காவல் நாய் என்று ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் ஊரில் யாரைப் பார்த்தும் அது குரைக்கவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் குரைத்தது. காரணம் பிறகுதான் புரிந்தது: அந்தத் தெருவில் பேண்ட் போட்டுக்கொண்டு வருபவன் நான் ஒருவன்தான். சொந்த வீட்டுக்குள் நுழைய, தெருமுனையில் வேட்டிக்கு மாறவேண்டிய நிலை வந்தபோது நாயை ஒரத்தநாட்டுக்கே திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் படிப்பு கைகொடுத்தது. கையில் கிடைக்கும் எதையும் படிக்கிறவன் நான். பொட்டலக் காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கடலையைத் தின்பேன். பழைய பத்திரிகை ஒன்றில், வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய அபாய மணி என்று படத்தோடு போட்டிருந்தார்கள். துணி காயப்போடும் மரக் கிளிப் ஒன்று. அதன் இரண்டு உதடுகளிலும் செம்புக் கம்பி. நடுவே அட்டைத் துண்டு. அட்டையில் கட்டிய நூலை வழியின் குறுக்கே முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டவேண்டும். திருடன் கால் நூலில் பட்டால் அட்டை பிடுங்கிக்கொள்ளும், கம்பியும் கம்பியும் சேரும், டார்ச் லைட் செல் உபயத்தில் மணி அடிக்கும். அட்டையைத் திரும்பச் செருகும்வரை அடித்துக்கொண்டே இருக்கும்.

மாயவரத்தில் ஒரு காலிங் பெல், கொஞ்சம் கம்பி, செல். திண்டுக்கல் பூட்டின் சாவிக்குக்கூடக் காணாத செலவு. எங்கள் கல்யாணப் பத்திரிகை ஒன்றை வெட்டி அட்டை செய்தேன். அவளைத் திரும்ப அழைத்துவரும் காரியத்துக்கு அதைவிடப் பொருத்தமான அட்டை ஏது.

பெல்லின் சத்தம் மட்டும் போதவில்லை. கொசு தொண்டையைச் செருமுவது போலிருந்தது. யோசித்தேன். மாமனார் சீர் கொடுத்த பெரிய பித்தளை அண்டா ஒன்று சமையலறை மூலையில் சும்மா இருந்தது. அதைக் கொல்லை மாமரத்துக் கிளையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே பெல்லை முடுக்கினேன். சோதனைக்கு நூலை இழுத்தேன். கோயில் மணிக்கும் ஈயம் பூசுகிறவர் பட்டறைக்கும் பிறந்த பிள்ளைபோல ஒரு சத்தம் எழுந்து, வாய்க்கால் தாண்டி, வயல் தாண்டிப் போயிற்று. நான் தனியாக நின்று கை தட்டினேன்.

கொல்லையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எந்தத் திருடன் வாசல் வழியாக வருவான்? ஆனால் எங்கள் தெருவே வாய்க்காலுக்கு எங்கள் கொல்லை வழியாகத்தான் போகும். முதல் நாள் காலையிலேயே மணி ஓயவில்லை. பக்கத்து வீட்டு அக்கா துணிக்கூடையோடு வந்து நூலைப் பார்த்தார்.

"என்ன தம்பி, மாட்டைக் கட்டுற எடத்துல நூலைக் கட்டியிருக்க?"

விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, புடவையைத் தூக்கிக்கொண்டு நூலைத் தாண்டிப் போனார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு குளிக்கப்போகிறவர்களும் களத்துக்குப் போகிறவர்களும் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தாமலே ஒரு காலைத் தூக்கித் தாண்டிப் போனார்கள். ஆடுகள்கூடக் கற்றுக்கொண்டன.

"ஏங்க்கா, திருடனுக்கும் சொல்லிட்டீங்களா?"

"யாருன்னு தெரிஞ்சா சொல்லாம இருப்பனா."

ஆக, அந்த நூலைப் பற்றித் தெரியாதவர் என்று பக்கத்தில் யாருமே இல்லை.

மாமனார் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். நான் லீவு போட்டேன். வாசலில் கோலம், உள்ளே காப்பி டிகாஷன். முதலில் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பது, பிறகு கொல்லைக்கு அழைத்துப்போய் விளக்குவது, முடிவில் அவர் கையாலேயே நூலை இழுக்கச் சொல்வது என்று நிகழ்ச்சி நிரல் தயார். தெருமுனையில் மாட்டுவண்டி நிற்கும் சத்தமும், அதற்கு மேலாக என் மகளின் அழுகையும் கேட்டன. வாசலில் போய் நின்றேன். யாரும் வரவில்லை. அழுகை மட்டும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

எனக்கு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு. வாசல் வழியாக நுழைந்தால் மேற்கு நோக்கி நடக்கவேண்டும். பயண தோஷத்துக்கு வெல்லத்தைத் தின்றுவிட்டுக் கிளம்பியிருந்தாலும், பச்சைப் பிள்ளையை முதன்முதலாகச் சூலத்துக்கு எதிரே உள்ளே கொண்டுபோக மாமனாருக்கு மனம் ஒப்பவில்லை. கொல்லை வழியாகப் போனால் கிழக்கு நோக்கி நுழையலாம். வீட்டின் காவலைச் சோதிக்க வந்தவர் திருடனுக்கு என்று நான் ஒதுக்கியிருந்த பாதையில், இரண்டு கையிலும் பையோடு, முன்னால் நடந்து வந்தார்.

அண்டா முழங்கியது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாமனார் நூல் சுற்றிய காலோடு மாமரத்தடியில் உட்கார்ந்து, தாம் சீராகக் கொடுத்த அண்டா கிளையில் தலைகீழாகத் தொங்கி அலறுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நூலிலிருந்து அறுந்துபோன அட்டையைக் காணவில்லை. அதைத் தேடி நான் செத்தைக்குள் தவழ்ந்துகொண்டிருக்கையில் வயல் பக்கமிருந்து ஊர் வந்தது. அறுத்துக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த அரிவாளோடு வந்தார்கள், முன்னால் சங்கத்துத் தோழர். மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் ஆட்களோடும் தடியோடும் வந்தார். பின்னாலேயே தலைமைக் காவலர், தொப்பி இல்லாமல். ஒவ்வொருவரும் நூல் இருந்த இடத்தில் மறக்காமல் காலைத் தூக்கித் தாண்டினார்கள்.

மாமனார் ஒரு பக்கம் அரிவாள்களைப் பார்த்தார், மறு பக்கம் தடிகளைப் பார்த்தார். செய்தித்தாளில் படித்ததெல்லாம் அவர் முன்னால் வந்து நின்றது.

"அம்மாடி, வண்டி போயிடுச்சா பாரு" என்றார் மகளிடம்.

என் அரை வருஷம் கண்முன் நீண்டது. மணியை நிறுத்தினாலாவது மனிதர் தெளிவார் என்று அட்டைக்குப் பதில் எதையாவது செருகத் துழாவினேன். காரியஸ்தர் தம் வெற்றிலைப் பெட்டியிலிருந்து தடித்த வெற்றிலை ஒன்றை நீட்டினார். அதன் காம்பில் நூலைக் கட்டிச் செருகினேன். மணி நின்றது.

குழந்தை வீறிட்டு அழுதது.

அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது, மணி அடித்த இவ்வளவு நேரமும் அவள் அழவே இல்லை என்று. என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து நூலை இழுத்தாள். அண்டா அலறியது. குழந்தை வாயை மூடிக் கண்ணை அகல விரித்து, பொக்கை வாயால் சிரித்தது.

"நிறுத்துங்க பார்ப்போம்" என்றார் தோழர். வெற்றிலையைச் செருகினேன். அழுகை. "இழுங்க." சிரிப்பு. அடுத்த தடவை தோழரே இழுத்தார்.

"தோழர், நீங்க வேகமா இழுக்கறீங்க. பதமா இழுக்கணும், இப்படிக் கொடுங்க" என்றார் காரியஸ்தர்.

"இதையும் நீங்களே வச்சுக்கலாம்னு பாக்கறீங்களா? முறை வச்சு இழுப்போம்."

தலைமைக் காவலர் குறுக்கிட்டு அமைதி ஏற்படுத்தி, அந்தச் சாக்கில் தாமும் ஒருமுறை இழுத்தார். பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். என் மனைவி பைகளை எடுத்துக்கொண்டு, கிழக்கு நோக்கி, உள்ளே போனாள். சற்று நேரத்தில் காப்பி வாசனை வந்தது. கூலிப் பேச்சு அன்றைக்கு ஒரு இம்மியும் நகரவில்லை; காப்பி குடித்துவிட்டு இரண்டு தரப்பும் பழைய சண்டைக்கே திரும்பிப் போயின. என் கொல்லையில் தீர்ந்தது என் பிரச்சினை மட்டும்தான். அதுவும் அப்போது எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் மாமனார் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

அவர் மாமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். பேத்தி சிணுங்கும்போதெல்லாம் நூலை இழுத்தார். சிரித்ததும் வெற்றிலையைச் செருகினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"செல்லு எத்தனை நாளைக்கு வரும் மாப்பிள்ளை?"

"ஒரு மாசம் வரும் மாமா. இப்படி இழுத்தா நாளைக்கே தீந்துடும்."

"கூட நாலு வாங்கி வச்சுக்குங்க. இவளுக்குத்தான்." கொஞ்சம் யோசித்தார். "அண்டாவை மட்டும் விளக்கச் சொல்லுங்க. கறுத்துப் போச்சு."

சாயங்காலம் தனியாகக் கிளம்பினார். கிழக்கே போகச் சூலம் இல்லை, வாசல் வழியாகவே போகலாம். ஆனாலும் கொல்லை வழியாகப் போனார். நூல் இருந்த இடம் வந்ததும் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, காலை உயர்த்தி, எங்கள் ஊர்க்காரர் மாதிரித் தாண்டினார். மணி அடிக்கவில்லை. உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. நாலடி போனவர் நின்றார். திரும்பி வந்து, நூலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.