யார் வீட்டு விமானமோ...

போன வாரம் ஒரு விமானத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். அந்தப் பரிதாபத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போயிருந்தேன், ஸ்டெல்லா வீட்டுக்கு. அண்ணாமலை நகரில் எங்களுக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தவள். இப்போது தேவனாம்பட்டினத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். அதற்கான வெள்ளை கவுனை என் டெய்லரிடம் தைக்கக் கொடுத்திருந்தாள். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் டியூட்டி.

சேர்த்தேன்... ஆனால் பு.முட்லூர் வளைவில் பஸ் ஒரு திரும்பு திரும்ப, பக்கத்து சீட்டுக்காரரின் டீ மொத்தமும் கவுன் மேல்! திட்டப் போகிறாள் என்று பயந்துகொண்டே நீட்டினேன். அவளோ சிரித்துக்கொண்டே அலசிப் பிழிந்தாள். அன்றைக்கு அவளை யாராலும் கோபப்படுத்தியிருக்க முடியாது. கத்தாரில் வேலை பார்க்கும் கணவர் சேவியர், இரண்டு வருஷம் கழித்து அன்று மதியம் வருகிறார். அழைத்துவர அவருடைய தம்பி காரோடு சென்னை ஏர்போர்ட்டுக்குப் போயாகிவிட்டது. அடுப்பில் வஞ்சிர மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

கவுனைக் காயப்போட மாடிக்குப் போனபோதுதான் அந்த விமானத்தைப் பார்த்தோம்.

வழக்கத்தைவிடத் தாழ்வாக இருந்தது. கடல் பக்கமிருந்து வந்து, எங்கள் தலைக்கு மேலே போய், தெற்கே திரும்பி மறைந்தது. சரி, போய்விட்டது என்று நினைத்தால்... கொஞ்ச நேரத்தில் மறுபடி கடல் பக்கமிருந்து வருகிறது. அதே விமானம், அதே வழி. அது கடந்துபோன பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. சுள்ளென்ற வெயிலில், ஒரு மேகம்கூட இல்லாத வானத்தில் ஒரு பொருள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் கிளிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

பக்கத்து மாடியில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். ஏசி மெக்கானிக். சேவியரை மச்சான் என்று கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். வானத்தில் போகிற விமானத்தின் பேரையும் நம்பரையும் காட்டுகிற ஆப் ஒன்று அவர் போனில் இருக்கிறது.

"தங்கச்சி, வளைகுடாலேர்ந்து மெட்ராஸ் வர்ற ஃப்ளைட்டு அது. சக்கரம் சரியா எறங்கலயாம், டிவில ஓடுது. எண்ணெயத் தீத்துட்டு எறக்கலாம்னு கடல் மேல சுத்த வுட்ருக்காங்க" என்றார்.

எனக்குத் திக்கென்றது. எந்தக் கம்பெனி, எந்த நம்பர் என்று கேட்டோம். படித்துக் காட்டினார். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. சேவியரின் டிக்கெட் நம்ம நாட்டுக் கம்பெனியுடையது. நம்பரும் வேறு. அந்த நம்பர் ஸ்டெல்லாவுக்கு மனப்பாடம், தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டோம்.

"பாவம், யாரு வூட்டு ஆளுங்களோ" என்று சொல்லி ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். மாடியிலேயே முட்டிபோட்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தாள். கீழேயிருந்து குழம்பு அடிபிடிக்கிற வாசனை வந்தது. பாதியில் எழுந்து ஓடினாள். நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன்.

மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆமாம், சாப்பிட்டோம்! அடிபிடித்தாலும் குழம்பு ருசியாகத்தான் இருந்தது. சேவியருக்கு நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து மூடி வைத்தாள். அவ்வப்போது கூரைக்கு மேலே அந்தச் சத்தம் வரும். ஸ்டாண்டில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் லேசாக அதிரும். பேச்சை நிறுத்துவோம். சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவோம். வீட்டுக்குள் மூன்றாவதாக யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நான் அதை வெளியே சொல்லவில்லை.

கை கழுவிக்கொண்டிருந்தபோது ஏர்போர்ட்டிலிருந்து சேவியரின் தம்பி போன் செய்தான். அண்ணன் ஃப்ளைட் லேட் என்று போர்டில் போட்டிருக்கிறதாம். எவ்வளவு லேட் என்று தெரிந்துகொள்ள, டிக்கெட் போட்டுக்கொடுத்த லால்பேட்டை டிராவல்ஸ் பாயைக் கூப்பிட்டாள் ஸ்டெல்லா. ஈரக்கை என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். எந்தத் தேதி, எந்த நம்பர் என்றெல்லாம் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டு வந்த மனிதர், திடீரென்று பேச்சை நிறுத்தினார்.

"தங்கச்சி... பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?"

நான் பேசினேன். பாய் பொறுமையாகச் சொன்னார். டிக்கெட் விற்பது ஒரு கம்பெனி. விமானமும் பைலட்டும் இன்னொரு கம்பெனி. இரண்டுக்கும் ஒப்பந்தம், கோட்ஷேர் என்று பெயர். ஒரே விமானத்துக்கு இரண்டு பெயர், இரண்டு நம்பர்.

"ஒரே பஸ்சு, போர்டு ரெண்டுன்னு வச்சிக்குங்கக்கா. டிவில சொல்றாங்களே, அந்த பஸ்லதான் சேவியர் தம்பி இருக்காப்ல. நா துஆ செய்றேன். நீங்களும் செய்ங்க."

ஸ்பீக்கரை அணைக்க எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் ஸ்டெல்லா கேட்டுவிட்டாள். அழவில்லை. அடுப்பை அணைத்தாள். எரியாத அடுப்பை! பிறகு மாடி ஏறினாள்.

கடல் பக்கமிருந்து அது வந்தது. அதுவரை நாங்கள் பார்த்த அதே விமானம்தான். ஆனால் அதில் ஜன்னல்கள் இருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொடியில் கவுன் இரண்டு கையையும் விரித்து ஆடிக்கொண்டிருந்தது.

"யாருக்கோன்னு வேண்டுனேன்க்கா" என்றாள் ஸ்டெல்லா, மெதுவாக. "கொழம்பு அடிபுடிக்குதேன்னு பாதில எழுந்துட்டேன்."

முட்டிபோட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். விமானம் தலைக்கு மேலே கடந்து தெற்கே போனது. சத்தமும் வந்து அடங்கியது. மறுபடி வருவதற்காகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வரவில்லை.

அதுவரைக்கும், ஐயோ மறுபடி வருகிறதே என்று பயந்தவள் நான். வராத வானத்தைப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது. ஏழுமலை போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஆப்பிலும் அதைக் காணவில்லை என்றார். ஸ்டெல்லாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. சேவியர்! சக்கரம் ஒருவழியாக இறங்கி, விமானமும் பத்திரமாக இறங்கிவிட்டதாம். பெண்டாட்டியிடம் அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி, "சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்றாள். அதற்கப்புறம்தான் உடைந்து அழுதாள்.

சாயங்காலம் வீடு வந்த சேவியர் எல்லாவற்றையும் சொன்னார். இவருக்கு ஜன்னல் சீட். கெடிலம் ஆறு கடலில் சேருகிற இடம், துறைமுகம் என்று ஒவ்வொரு சுற்றிலும் சொந்த ஊரே வந்து வந்து போனதாம்.

"நம்ம மாடியில வெள்ளையா ஒண்ணு ஆடிச்சு. பாப்பாவோட புதுநன்ம கவுனுதான்னு நெனச்சிக்கிட்டேன். அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அந்த உயரத்திலிருந்து தெருவே தெரியாது, கவுன் எப்படித் தெரியும் என்றார் ஏழுமலை. நியாயம்தான். ஆனால் டீ கொட்டியதையோ, அலசி மாடியில் போட்டதையோ சேவியரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் ஸ்டெல்லாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம்.

டிக்கெட்டின் அடியில், யார் ஓட்டுகிறார்கள் என்று பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தது. யார் படிக்கிறோம்? சீட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்... நம் வீட்டு ஆபத்து இன்னொரு பேரில் தலைக்கு மேலே சுற்ற, நாம் கீழே நடுத்துண்டு தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்போதெல்லாம் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு மேலே விமானம் போனால், செய்கிற வேலையை விட்டுவிட்டுக் கும்பிடுகிறேன். முழுசாக.

நம்பர் கேட்பதில்லை.